பன்னிரண்டு லீற்றர்

அச்சுவேலி
16.05.2025

மச்சாள் ஜொய்சிக்கு,

‘அன்புள்ள’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டேன். செவ்வாய்க்கிழமை போனைப் பாதியில் வைத்ததற்கு உம்மிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி, உம்முடைய அக்கா பியாட்றிஸ் மூன்று நாளாக என் தேத்தண்ணிக்குச் சீனி போடுகிறாள் இல்லை. நான் கேட்கப் போவதில்லை. போனில் கதைத்தால் நான் கத்துவேன், நீர் அழுவீர். எழுதினால் வெட்டித் திருத்தலாம். இந்தக் கடிதத்தைப் பியாட்றிஸ்தான் படமெடுத்து உமக்கு அனுப்புவாள். முதலில் வாசிப்பாள், பிறகு ரீச்சர் புத்தியில் எழுத்துப்பிழை பார்ப்பாள், அதற்குப் பிறகுதான் அனுப்புவாள். ஆகையால் சில நல்ல சொற்களை எழுத வழியில்லை.

விசயத்துக்கு வருகிறேன். கண்டலடிப் பாலத்துக்கு நாலு பீம். முதல் பீமை மே மூன்றாம் திகதி என் கொங்கிறீற் யாட்டில் வார்த்தோம். நீர் சொன்ன அந்தக் கல்லில்லாத கொங்கிறீற்று: சீமெந்து, சிலிக்காத் தூள், அரித்துக் காயவைத்த மணல், தலைமயிர் போன்ற உருக்கு நார், குழைவு மருந்து. தண்ணீரிலும் பாதி ஐஸ். வேலையாட்கள் அதற்கு ‘மாக் கொங்கிறீற்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நெல் அவிக்கிற பொயிலரைக் கொண்டுவந்து, தார்ப்பாய்ப் படங்குக்குள் இரண்டு நாள் ஆவி பிடித்தோம். பீம் கண்ணாடி போல வந்தது. தடவிப் பார்த்தவர்கள் எல்லாரும் பெயின்ற் அடித்ததோ என்று கேட்டார்கள்.

இப்போது கிளிநொச்சி ஆய்வுகூடத்தில், கலவைக்குக் கலவை வார்த்தெடுத்த கியூப் கட்டிகளை நசுக்கிப் பார்த்த கணக்கு வந்திருக்கிறது. ஏழு கலவையில் ஆறின் பலம் நூற்றைம்பது மெகாபஸ்கலுக்கு மேல். ஒன்று மட்டும் நூற்றுநாலு. அதற்காகப் பீமையே தள்ளச் சொல்லி, பாலத்தின் ஆலோசகர் என்ற முறையில் வீதித் திணைக்களத்துக்கு எழுதியிருக்கிறீர். மற்ற ஆளாக இருந்தால் பரவாயில்லை. நீர், என் வீட்டுச் சோறு சாப்பிட்டுப் பல்கலைக்கழகம் போன மச்சாள்!

யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்துக்கு வீடு கட்டுகிறோம். முப்பதுக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டுகிறோம். நூற்றுநாலு உமக்குக் காணாதோ? ஏழையும் கூட்டிப் பிரித்துப் பாரும், சராசரி நூற்றுநாற்பத்தேழு வருகிறது. முப்பத்தொரு வருசமாகக் கொங்கிறீற் குழைக்கிறவன் நான். ஒரு பிடி அள்ளிப் பார்த்தே தண்ணீர்க் கணக்குச் சொல்லுவேன். உம்முடைய கடிதத்தைத் திருப்பி வாங்கும்.

அத்தான்
அன்புராஜா


ஈப்போ, மலேசியா
19.05.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் ‘அன்புள்ள’ போடுகிறேன். என்னிடம் அது தாராளமாக இருக்கிறது.

கடிதத்தைத் திருப்பி வாங்க மாட்டேன்.

உங்கள் வீட்டுச் சோற்றை நான் மறக்கவில்லை. அந்தச் சோற்றைச் சாப்பிட்டுத்தான் இதைப் படித்தேன், ஆகவே சொல்கிறேன்: பாலம் சராசரியில் நிற்காது அத்தான். அது ஆகவும் பலவீனமான இடத்தில்தான் உடையும். ஏழு பேர் தூக்கும் பிரேதப் பெட்டியில் ஒருவர் கைவிட்டால், மற்ற ஆறு பேரின் பலத்தைக் கூட்டிப் பிரித்துக்கொண்டா நிற்பீர்கள்?

நூற்றுநாலு வந்தது முதலாவது கலவை. அது எங்கே போய்ப் படுத்திருக்கிறது என்று யோசித்தீர்களா? பீமின் கிழக்கு நுனியில். பீமுக்குள்ளால் ஓடும் உருக்குக் கேபிள்களை இழுத்துப் பூட்டுவது அதே நுனியில்தான். அந்த இடத்தில் கொங்கிறீற்றின் தடிப்பு நாலு அங்குலம். கேபிளை இழுக்கும்போது அது வெடித்தால், பக்கத்தில் நிற்பது நீங்களும் உங்கள் ஆட்களும்தான்.

பழைய கண்டலடிப் பாலம் ஏன் போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடல்நீரேரியின் உப்பு கொங்கிறீற்றுக்குள் ஊறியது, உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கியது, வீங்கிய கம்பி கொங்கிறீற்றைப் பிளந்தது. மாக் கொங்கிறீற்றைத் தெரிவு செய்ததே உப்பு நுழைய வழி இருக்கக்கூடாது என்றுதான். கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு செம்பு தண்ணீரும் ஆவியாகிப் போகும்போது, உப்பு வருவதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போகும்.

ஆகவே ஒரு கேள்வி. முதலாவது கலவைக்குள் கணக்குக்கு மேலே தண்ணீர் போயிருக்கிறது. எப்படிப் போனது? காரணம் தெரிந்தால் மற்ற மூன்று பீமும் உங்கள் யாட்டிலேயே வார்க்கலாம் என்று நான் வாதாடுவேன். தெரியாவிட்டால் யூன் பதினாறாம் திகதிக் கூட்டத்தில் வேலையைக் கொழும்புக் கொம்பனிக்கு மாற்றுவார்கள். திணைக்களத்து எஞ்சினியர் ஸம்ஸியா எனக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறார். அவரிலும் பிழையில்லை. மாரிக்கு முதல் பாலம் வேண்டும். கண்டலடிச் சனம் இப்போதே பதினொரு கிலோமீற்றர் சுற்றித்தான் பள்ளிக்கூடத்துக்கும் ஆசுப்பத்திரிக்கும் போகிறது.

அக்காவிடம் சொல்லி உங்களுக்குச் சீனி போடச் சொல்கிறேன்.

ஜொய்சி


அச்சுவேலி
27.05.2025

மச்சாள் ஜொய்சிக்கு,

சீனி வந்தது. அரைக் கரண்டி. உம்முடைய சிபாரிசுக்கு இங்கே அவ்வளவுதான் பெறுமதி.

தண்ணீரைப் பற்றிக் கேட்டீர். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்கிற கதை இது இல்லை, உண்மையாகவே நடந்ததைச் சொல்கிறேன். முதல் பீம் என்பதால் ஆட்களைக் கூப்பிட்டிருந்தேன். வீட்டுக்குக் கூரை போடும் நாளிலேயே ஊரைக் கூட்டிச் சோறு போடுகிறோம், பாலத்துக்குப் பீம் வார்க்கும் நாளில் சும்மா இருக்கலாமோ? ஆட்டிறைச்சிக் கறி, முப்பது கதிரை, பந்தல். எங்கள் போதகர் வந்து ஜெபம் பண்ணினார். கண்டலடிப் பிள்ளையார் கோயில் தலைவர் சிவசுப்பிரமணியம் ஒரு செம்பு தீர்த்தம் கொண்டு வந்தார். பாலம் அவர்களுடைய ஊருக்குத்தானே போகிறது. கொங்கிறீற் குழைக்கும் மிக்சர் சுற்றத் தொடங்கியதும் “ஒரு சொட்டு விடுறன் தம்பி” என்றார். ஜெபம் பண்ண விட்டேன், தீர்த்தம் தெளிக்க மட்டும் விடாமல் தடுக்கலாமோ? சொட்டு என்றவர் செம்பையே கவிழ்த்துவிட்டார். உம்முடைய கூடுதல் தண்ணீர் அதுதான்.

இன்னொரு கதையும் சொல்லவேண்டும். ஸம்ஸியா மிஸ் வெள்ளிக்கிழமை யாட்டுக்கு வந்தா. நல்ல பிள்ளை, சத்தம் போடவில்லை. “முதல் கலவையிலை மிக்சரிலை நிண்டது ஆர்?” என்று மட்டும் கேட்டா. நான் சொன்ன லோஜனின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டா. மிக்சரில் நின்றது அவன்தானே, அது பொய்யில்லை. அடுத்த நாள் அவன் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்து தன் சப்பாத்தையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கொக்குவிலுக்குப் போய்விட்டான். பதினொரு வருசம் என்னோடு நின்றவன்.

உம்முடைய அக்கா இதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். என்ன பார்வை என்று தெரியவில்லை.

திணைக்களத்துக்குத் தீர்த்தக் கதையை எழுதிவிடும். சாமி குற்றம் என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

அன்புராஜா


ஈப்போ
01.06.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று லீவு நாள். ஆய்வுகூடத்துப் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டு போய், காலையிலிருந்து பின்னேரம் வரை உங்களுடைய கலவையையே குழைத்தேன். அதே அளவு, அதே ஐஸ், உங்கள் மிக்சரை அப்படியே சின்னதாக்கியது போல. ஒன்றுக்கு ஒரு செம்புக் கணக்கில் தண்ணீர் கூட்டினேன். ஒன்றுக்கு அரை வாளிக் கணக்கு. ஒன்றுக்கு ஒரு வாளிக் கணக்கு. அப்படியே ஆவிப் பெட்டிக்குள் வைத்தேன். இன்றைக்குக் காலையில் அவசரப்பட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கியூப்பை எடுத்து நசுக்கினேன். ஆவி முடியாததால் எண்கள் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் மாறாது.

பிள்ளையாருடைய செம்பு ஒரு குற்றமும் செய்யவில்லை. ஒரு லீற்றர் கூடினால் நாலுதான் குறைகிறது. உங்கள் முதல் கலவை ஐம்பது குறைந்திருக்கிறது. அவ்வளவு விழவேண்டுமானால் எண்பத்துநாலு லீற்றர் போடவேண்டிய இடத்தில் பன்னிரண்டு லீற்றர் கூடவேண்டும்.

உங்கள் யாட்டில் மிக்சருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வாளி எப்போதும் நிற்கும். அது எத்தனை லீற்றர் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெப்ரவரியில் நான்தான் அதற்கு அளவுக் கோடு கீறினேன்.

மற்ற ஆறு கலவையும் சரியாக வந்ததென்றால் ஆட்களுக்கு வேலை தெரியும் என்று அர்த்தம். முதல் கலவையில் மட்டும் என்ன வித்தியாசம்? முப்பது கதிரையில் ஆட்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் லோஜன் ஒரு வாளி தண்ணீரைத் தன்பாட்டில் தூக்கி ஊற்றுவானா அத்தான்? அந்த யாட்டில் யாரையும் கேட்காமல் வாளியைத் தூக்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருக்கிறார்.

நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை. எழுதலாமா விடலாமா என்று நாலு தரம் யோசித்தேன். ஏனென்றால் குற்றத்தில் பாதி என்னுடையது.

பெப்ரவரியில் நான் வந்து எல்லாருக்கும் பழக்கினேன், ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கலவை பத்து நிமிடத்துக்கு வெறும் மாவாகத்தான் சுற்றும், தண்ணீர் போதாது போலத்தான் இருக்கும், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், பிறகு தானாகவே குழைந்து பாகாகிவிடும் என்று லோஜனுக்கும் மற்றவர்களுக்கும் இருபது தரம் சொன்னேன். உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் வேப்பமரத்துக்குக் கீழே கதிரையில் இருந்தீர்கள். நான்தான் உங்களை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தேன். உங்கள் ஆட்களுக்கு முன்னால் அத்தானை நிற்க வைத்து மச்சாள் பாடம் நடத்தினால் அழகில்லை என்று நினைத்தேன். மரியாதை பார்த்தேன். எல்லாருக்கும் சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கும் உரிமையுள்ள ஒரே ஆளுக்கு மட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன். என்ரை மடைத்தனம்.

தீர்த்தக் கதையை நான் எழுதமாட்டேன். லோஜனுடைய பெயரில் அந்தக் கறை இருக்கும்வரை வேறொன்றும் எழுதமாட்டேன். கூட்டத்துக்குப் பதினைந்து நாள் இருக்கிறது.

ஜொய்சி


அச்சுவேலி
05.06.2025

ஜொய்சி,

ஓம். நான்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தேன். உம்முடைய அக்காவுக்கு முதல் நாளே தெரியுமாம். “நீங்கள் வாளி தூக்கினதை நான் கறி கிண்டிக்கொண்டே பாத்தனான். நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான் இருந்தனான்” என்கிறாள். சீனி நிறுத்தினது போனுக்காக இல்லையாம், இதற்காகத்தானாம். இருபத்தாறு வருசம் ஒரு வீட்டில் இருந்தும் இந்த மனிசியை எனக்கு விளங்கவில்லை.

நடந்தது இதுதான். மிக்சர் சுற்றுகிறது. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். உள்ளே புட்டுக்குக் குழைத்த மா மாதிரிக் கிடக்கிறது. சனம் கழுத்தை நீட்டிப் பார்க்கிறது. பின்னால் ஒருத்தர், யாரென்று சொல்லமாட்டேன், “அன்புராஜா இதுக்குப் பேசாமல் புட்டே அவிச்சிருக்கலாம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. முப்பத்தொரு வருசம் மிக்சருக்குள் எட்டிப் பார்த்தவன், இது தண்ணீர் காணாத கலவை என்று என் கண்ணே சொல்லிற்று. வாளியைத் தூக்கினேன். லோஜன் “முதலாளி” என்று ஒரு சொல் சொன்னான். நான் கேட்கவில்லை. ஊற்றி நாலு நிமிடத்தில் கஞ்சி மாதிரி ஓடிற்று. அப்போதே பிழை என்று தெரிந்துவிட்டது. ஆனால் சனம் கைதட்டிவிட்டது. கைதட்டின பிறகு எப்படிச் சொல்லுறது?

நேற்றுக் கொக்குவிலுக்குப் போனேன். லோஜன் மதிலுக்குப் பக்கத்தில் மோட்டார்சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பினான். கதிரை கொண்டுவந்து போட்டான். நான் இருக்கவில்லை.

“தண்ணி விட்டது நான், பேர் போனது உன்ரை. ஏன்ரா நீ வாய் திறக்கேல்லை?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. வாய் திறக்காதது நானல்லவோ.

அவன் சொன்னான்: “பத்து நிமிசம் எண்டு ஜொய்சி அக்கா சொன்னவ. நீங்கள் ஏழாவது நிமிசத்திலை வாளியைத் தூக்கிட்டியள். அவ்வளவு பேருக்கு முன்னாலை முதலாளியின்ரை கையை நான் எப்பிடிப் பிடிக்கிறது?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவன் தாய் மரியநாயகி உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறா. வெளியே வந்து, “இதைத் திணைக்களத்துக்கும் சொல்லுவீங்களோ, இல்லை எங்கடை மதிலுக்குள்ளை மட்டுமோ?” என்று கேட்டா.

இன்று காலை ஸம்ஸியா மிஸ்ஸின் கந்தோருக்குப் போய் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ‘முதலாவது கலவையில் பன்னிரண்டு லீற்றர் தண்ணீரை ஊற்றியது யாட் சொந்தக்காரனாகிய நான். மிக்சரில் நின்ற லோஜனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர் என்னைத் தடுக்கப் பார்த்தார்.’ கீழே கையெழுத்து, முத்திரை. பியாட்றிஸ் திருத்தவில்லை. ஒரு பிழையும் இல்லை என்றாள்.

வேலை போனால் போகட்டும். இல்லை, அப்படிச் சொல்லவும் மனமில்லை. இந்தப் பாலம் என் யாட்டிலிருந்து போகவேண்டும் ஜொய்சி. கிணற்றுக் கட்டும் வேலித் தூணும் வார்த்தே என் காலம் போய்விட்டது. ஒரு பாலமாவது வேண்டும்.

அத்தான்


ஈப்போ
08.06.2025

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்து அரைமணித்தியாலம் இரண்டு பேரும் அழுதோம். நீங்கள் பக்கத்து அறையில் பொய்யாகக் குறட்டை விட்டீர்களாம்.

ஸம்ஸியாவுக்கு எழுதிவிட்டேன். பிழை எது, யார் விட்டது, எவ்வளவு என்று லீற்றர்க் கணக்கில் எழுதித் தரும் ஒப்பந்தக்காரரை இதுவரை கண்டதில்லை என்று அவர் பதில் போட்டிருக்கிறார். கூட்டத்தில் அவரும் பேசுவார். காரணம் தெரிந்த பிழை திரும்ப வராது, காரணம் தெரியாத வெற்றியை நம்ப ஏலாது என்று நான் என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இன்னொரு பீம் வார்க்க ஒரு சந்தர்ப்பம் தருவார்கள் என்றுதான் நம்புகிறேன். தந்தால் மூன்று நிபந்தனை.

பழைய பீமை உடைக்கவேண்டும். வைத்திருந்தால் ஒருநாள் யாராவது ஏதாவது வாய்க்காலுக்குக் குறுக்கே போடுவார்கள்.

கலவை சுற்றும் பத்து நிமிடமும் யாட்டின் முதலாளி லோஜன். உங்கள் கையைப் பிடித்து நிறுத்தும் உரிமை அவனுக்கு உண்டு என்று பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். வாயால் சொன்னால் அவன் பிடிக்கமாட்டான். எழுதினால்தான் பிடிப்பான்.

மூன்றாவது, இந்த முறை எல்லாருக்கும் முன்னால் உங்களுக்குப் பாடம் நடத்துகிறேன், கதிரை தரமாட்டேன்: ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவேண்டும். மா மாவாகத்தான் இருக்கும். உங்கள் கண் ‘தண்ணீர் காணாது’ என்று சத்தியம் பண்ணும். அந்தக் கண் முப்பத்தொரு வருசம் கல்லுக் கொங்கிறீற்றுக்குப் பழகிய கண். அதில் குற்றமில்லை. ஆனால் இது வேறு சாமான். மருந்து தூளுக்குத் தூள் ஊறிப் பிடிக்க நேரம் எடுக்கும்.

நான் லீவு போட்டுக்கொண்டு வரட்டா?

ஜொய்சி


அச்சுவேலி
12.07.2025

அன்புள்ள மச்சாள் ஜொய்சிக்கு,

கூட்டத்தில் இன்னொரு பீமுக்கு அனுமதி கிடைத்தும் உம்மை வரவேண்டாம் என்று சொன்னதற்குக் கோபித்திருப்பீர். நீர் வந்து நின்றிருந்தால் ‘மலேசியா எஞ்சினியர் வார்த்த பீம்’ என்பார்கள். இது அச்சுவேலியில் வார்த்த பீம் என்று பெயர் வரவேண்டும்.

முதலில் பழைய பீமின் கதை. உடைக்கச் சொன்னீர் அல்லவோ. கையால் சம்மட்டி போட்டோம், சம்மட்டிப் பிடி முறிந்தது. பிறகு உடைக்கிற மெசின் வாடகைக்கு எடுத்தோம். மூன்று நாள்! நீர் பலவீனம் என்று தள்ளிய கிழக்கு நுனிக்கே ஒரு முழு நாள் போனது. பிளந்தாலும் உருக்கு நார் விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. மெசின்காரர் அருளம்பலம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அண்ணை, இதுதான் கூடாத பீமோ? அப்ப நல்லதை ஆர் உடைக்கிறது?” என்று கேட்டார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்தச் சாமானில் முழு விசுவாசம் வந்தது. பாவி, தள்ளுபடியாகி எனக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போனது.

இனிப் புதுப் பீம். போன சனிக்கிழமை வார்த்தோம். அதே முப்பது கதிரை, அதே பந்தல், அதே ஆட்டிறைச்சி. அதே ஆட்களை ஒருத்தர் விடாமல் கூப்பிட்டேன். பியாட்றிஸ் “உங்களுக்கென்ன விசரே? ஒருக்கா வெட்கப்பட்டது காணாதே?” என்று ஏசினாள். வெட்கப்பட்ட இடத்தில்தான் நிமிரவேண்டும் என்றேன்.

யாட்டில் இருந்த ஒன்பது வாளியையும் களஞ்சிய அறைக்குள் பூட்டினேன். தண்ணீர்ப் பைப்பையும் பூட்டித் திறப்பை உம்முடைய அக்காவிடம் கொடுத்தேன். சிவசுப்பிரமணியம் இந்த முறையும் செம்போடு வந்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சி, தீர்த்தத்தை மிக்சருக்கு வெளியே நாலு மூலையிலும் தெளிக்கச் செய்தேன். பலகையும் தொங்கிற்று. ‘மிக்சர் சுற்றும்போது லோஜன் சொல்வதே சட்டம். முதலாளிக்கும் அதுவே.’ வந்தவர்கள் வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மிக்சர் சுற்றிற்று. மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். புட்டு மா. பின்னாலிருந்து அதே குரல், “இண்டைக்கும் புட்டுத்தானோ?” என்றது. ஏழாவது நிமிடம் என் கை தானாக எழும்பிற்று, ஜொய்சி. வாளி இல்லை, பைப்பு இல்லை, என்ன செய்யப் போனேன் என்று எனக்கே தெரியாது. லோஜன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் மிக்சருக்குள், வலக்கை சுவிச்சில். இடக்கையால் என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தான். இறுக்கிப் பிடித்தான். பதினொரு வருசத்தில் முதல்முறை அவன் என்னைத் தொட்டது அதுதான்.

“பொறுங்கோ முதலாளி” என்றான்.

எட்டு. ஒன்பது. பத்து. பத்தேமுக்காலில் மா உருண்டையாகிற்று. உருண்டை சேறாகிற்று. சேறு என் கண்ணுக்கு முன்னாலேயே பாகாகிப் பளபளவென்று ஓடிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் கூட்டாமல்! நான் “ஆண்டவரே” என்று கத்திவிட்டேன். போதகர் அதைச் சாட்சி என்று எடுத்துக்கொண்டு ஒரு அல்லேலூயா போட்டார். சனமும் எழும்பிக் கைதட்டிற்று. இந்தக் கைதட்டு எனக்கு உடம்பில் ஒட்டிற்று.

நேற்றுக் கணக்கு வந்தது. ஏழு கலவை. 154, 157, 153, 158, 155, 156, 154. ஸம்ஸியா மிஸ் தாளை நீட்டிக்கொண்டு “சராசரி பாக்கத் தேவையில்லை அங்கிள்” என்றா. மற்ற மூன்று பீமும் எங்கள் யாட்டிலேயே வார்க்கச் சொல்லிக் கடிதமும் தந்துவிட்டா.

தேத்தண்ணிக்கு இப்போது இரண்டு கரண்டி சீனி. பல்லுக் கூசுகிறது.

அத்தான்
அன்புராஜா


ஈப்போ
13.07.2025

அத்தான்,

கடிதத்தைக் கந்தோரில் வைத்து வாசித்தேன். ‘பொறுங்கோ முதலாளி’ என்ற இடத்தில் மேசையில் அடித்துக் கத்திவிட்டேன். பக்கத்து மேசைச் சீனப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். பன்னிரண்டு லீற்றர் இல்லை, ஒரு கிளாஸ்தான்.

அந்த ஏழு எண்களையும் ஒரு துண்டில் எழுதி என் கணினிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். கேட்பவர்களிடம் சொல்கிறேன்: இது எங்கள் அத்தானுடைய யாட்.

கேபிள் இழுக்கும் நாளில் நுனிக்கு நேரே ஒருவரையும் நிற்க விடாதீர்கள். நீங்களும் நிற்காதீர்கள். இதையும் பலகையில் எழுதுங்கள்.

ஜொய்சி


அச்சுவேலி
10.11.2025

அன்புள்ள மச்சாள் ஜொய்சிக்கு,

நாலு பீமும் ஒக்ரோபரில் ஏறினது உமக்குத் தெரியும். மண் ஏற்றிய இரண்டு லொறியை நடுப்பாலத்தில் நிறுத்தி, ஒரு மணித்தியாலம் வைத்துப் பார்த்ததில் ஆறு மில்லிமீற்றர்தான் தாழ்ந்தது, லொறி இறங்கியதும் திரும்ப நிமிர்ந்துவிட்டது. அதையும் ஸம்ஸியா மிஸ் உமக்கு எழுதியிருப்பா. முந்தநாள் சனிக்கிழமை திறந்தோம். அதைத்தான் நான் சொல்லவேண்டும், அவ சரியாகச் சொல்லமாட்டா.

காலையிலிருந்து மழை. நல்ல மாரி மழை. கண்டலடிச் சனம் குடையோடும் உரப் பையைத் தலையில் போட்டுக்கொண்டும் அக்கரையில் நின்றது. இக்கரையில் நாங்கள். அதிகாரிகள் பேசி, நாடா வெட்டி, போதகர் ஜெபித்து முடிய, சிவசுப்பிரமணியம் தன் செம்போடு வந்தார். வந்து, பாலத்தில் ஏறாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், போன முறை நான் அவரைப் படுத்தின பாட்டில் மனிசனுக்குப் பயம் பிடித்துவிட்டது.

“தம்பி, இப்ப ஊத்தலாமோ?” என்று கேட்டார்.

“ஊத்துங்கோ ஐயா. செம்பென்ன, குடம் குடமா ஊத்துங்கோ. இனி ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகாது” என்றேன்.

அவர் ஊற்றினார். சேம்பிலையில் விட்ட மாதிரித் தண்ணீர் உருண்டு ஓடிற்று. சனம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாலத்தில் ஏறிற்று.

நான் ஒரு சாமான் கொண்டு போயிருந்தேன். பியாட்றிஸுக்குக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பச்சை வாளி. யூலை மாதத்திலிருந்து களஞ்சிய அறைக்குள் பூட்டி வைத்திருந்தேன், நீர் கீறின கோடு இன்னும் இருக்கிறது. பாலத்துக்குக் கீழே கடல்நீரேரி வாய்க்காலில் இறங்கிக் கோடு வரைக்கும் உப்புத்தண்ணீர் அள்ளினேன். சரியாகப் பன்னிரண்டு லீற்றர். உடைத்த பீமுக்குப் பதிலாக வார்த்த பீமின் கிழக்கு நுனிக்குக் கொண்டுபோய் லோஜனுடைய கையில் கொடுத்தேன்.

அவன் வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தாய் மரியநாயகி குடைக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

“ஊத்தடா” என்றேன். “இந்த முறை நான் உன்ரை கையைப் பிடிக்கமாட்டன்.”

அவன் ஒரே மூச்சில் கவிழ்த்தான். தண்ணீர் கொங்கிறீற்றில் நிற்கவில்லை, அப்படியே ஓடி வாய்க்காலில் விழுந்தது. பிறகு வெறும் வாளியை என்னிடம் தந்துவிட்டு, குடையும் இல்லாமல் அக்கரைக்கு நடந்து போனான். நான் பின்னால் போனேன்.

மன்னார்ப் பக்கம் இன்னும் இரண்டு பாலம் வருகிறதாம், விலை கேட்டிருக்கிறார்கள். யாட் பெயரை எழுதும் இடத்தில் லோஜனையும் பங்காளியாகப் போட்டு எழுதப் போகிறேன். பியாட்றிஸ் இதை வாசித்துவிட்டுத் தலையாட்டுகிறாள், எழுத்துப்பிழை ஒன்றும் இல்லையாம்.

இனிக் கடிதம் வேண்டாம். போன் எடும், கதைப்போம். கத்தமாட்டேன்.

உம்முடைய அத்தான்
அன்புராஜா